அடுப்பு பற்ற வைக்காத நாள்

“அம்மா, பசிக்குது.”

“கொஞ்சம் இரு. வந்துடும்.”

“என்ன வரும்?”

“சாப்பாடு.”

“யார் கொண்டுவருவாங்க?”

கேட்டவள் என் மகள் யாழினி. நியூசிலாந்தில், மாட்டுப் பண்ணைகள் சூழ்ந்த ஒரு சின்ன ஊரில், நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சமையலறையில் துடைக்கும் துணியோடு நின்றுகொண்டிருந்தேன். அன்று மாலை கிளம்பவேண்டும். அடுப்பைப் பளபளவென்று துடைத்தாயிற்று. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. மிச்சமிருந்த அரிசி, பருப்பு, வெங்காயம் எல்லாவற்றையும் முந்தின நாளே ஒரு பையில் போட்டு வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஃப்ரிட்ஜைத் திறந்தால் விளக்கு மட்டும் எரிந்தது.

வாசலில் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த என் கணவர் செல்வம் உள்ளே எட்டிப் பார்த்தார். “இன்னா வித்யா, காலீல நாஷ்டா இல்ல. இப்ப சாப்பாடும் இல்லியா?”

அப்போதுதான் எனக்கே உறைத்தது. காலையிலிருந்து நான் யாரோ வந்து கதவைத் தட்டுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கையில் தூக்குச்சட்டியோடு, மேலே வாழையிலை போட்டு மூடிய ஒரு தட்டோடு. அந்த ஊரில் எனக்குத் தெரிந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் ஒருவருக்கும் தூக்குச்சட்டி என்றால் என்னவென்று தெரியாது.

நான் படித்தவள்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டூல் ரூமில் இயந்திர வரைபடம் போடுகிறவள். எங்கே துளை, எங்கே திருகு என்று நூலளவு பிசகாமல் வரைந்துகொடுத்துவிட்டு, கிளம்புகிற நாளில் பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டு நிற்கிறேன். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு மடத்தனத்தைச் செய்யமாட்டார்கள்.

காலி செய்கிற வீட்டுக்குச் சோறு

அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நாங்கள் இருந்தது தொழிற்சாலைக் குடியிருப்பு. சம்பளம் ஒரு படி ஏறினால் கொஞ்சம் பெரிய குவார்ட்டர்ஸ் கிடைக்கும். அதனால் யாராவது ஒருவர் எப்போதும் ஒரு வீட்டைக் காலி செய்துகொண்டே இருப்பார்கள். சிலர் அடுத்த தெருவுக்குப் போவார்கள். சிலர் ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்கே போவார்கள்.

காலி செய்கிற நாளில் அந்த வீட்டில் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது. யார் எப்போது வைத்த வழக்கமோ தெரியாது. சாமான் ஏற்றுகிற மீன்பாடி வண்டியில் முதலில் ஏறுவது அடுப்பும் சிலிண்டரும்தான், அதனால் வந்திருக்கும் என்று அப்பா சொல்வார். காலைப் பலகாரம் முதல் இரவுச் சாப்பாடு வரை அக்கம்பக்கத்தார் பொறுப்பு. யாரும் கூடிப் பேசி முடிவு செய்வதில்லை. தானாக வரும்.

அங்கே எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். நாகர்கோவில் அக்கா வீட்டிலிருந்து அவியல் வரும். ஈரோட்டுக்காரர் வீட்டிலிருந்து அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய் உருகி நிற்கும். தூத்துக்குடி டீச்சர் மீன்குழம்போடு வருவார். தஞ்சாவூர் மாமி வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் அனுப்புவார். நாங்கள் தென்காசிப் பக்கம் என்பதால் அம்மா சொதி வைப்பாள். தேங்காய்ப் பால் எடுக்கிற வேலை எனக்கு.

பெரியவர்களுக்குக் கண் கலங்கும். பிள்ளைகளான எங்களுக்கு அது திருவிழா. காலிப் பெட்டிகளுக்கு நடுவே, தரையில் செய்தித்தாள் விரித்து, பத்து வீட்டுக் குழம்பையும் ஒரே தட்டில் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறோம். “அடுத்து யாரு காலி பண்றாங்க?” என்று கேட்டு முதுகில் அடி வாங்கியிருக்கிறேன்.

எனக்கு ஒரு இடத்தில் கால் பாவாததற்கு இதுதான் காரணமோ என்று இப்போது சந்தேகம் வருகிறது. கிளம்புவது என்றாலே எனக்கு நாக்கில் ருசி தட்டும். செல்வத்தைக் கல்யாணம் செய்துகொண்டு பூந்தமல்லிப் பக்கம் குத்தம்பாக்கம் வந்து யாழினிக்கே பத்து வயதாகிறது. ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி, மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி எல்லாம் பரணில் பத்திரமாக இருக்கின்றன. எப்போது காலி செய்யவேண்டி வருமோ, யார் கண்டது.

“சொந்த ஊட்ல எவனாச்சும் பொட்டிய சேத்து வெப்பானா?” என்பார் கலா அண்ணி.

கலா அண்ணி

அண்ணி செல்வத்தின் அக்கா. ஒரே காம்பவுண்டில் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே அவர் வாசல். புருஷன் வீட்டோடு ஒத்துவராமல் வந்துவிட்டவர். திரும்பிப் போகச் சொல்லி வந்தவர்களை எல்லாம் ஒரு வார்த்தையில் அனுப்பிவிட்டாராம். அந்த வார்த்தையை இந்தப் பத்திரிகையில் போடமாட்டார்கள். வீட்டிலேயே கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறார். விடிந்தால் கிரைண்டர் சத்தம், பொழுது சாய்ந்தால் கிரைண்டர் சத்தம். எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் ஓடாமல் நின்று நாளாகிறது, அதை நாங்கள் கவனிக்கவே இல்லை.

அவருக்குப் பிள்ளை இல்லை. யாழினி பாதி அவர் பிள்ளை. நான் ஸ்கூட்டரில் அம்பத்தூர் கிளம்பிய பிறகு தலை பின்னி, சோறு கட்டி, வேனில் ஏற்றிவிடுவது அண்ணி. நான் வேலப்பன்சாவடியில் காலேஜ் பஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நேரம் கழித்து வரும்போது, யாழினி அவர் வீட்டில் சாப்பிட்டு, அவர் புடவையைப் போர்த்திக்கொண்டு தூங்கிப்போயிருப்பாள்.

என் அப்பா ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். சாமான் கட்ட உதவிக்கு வந்த அண்ணி, வரிசையாக வந்து இறங்கிய தூக்குச்சட்டிகளைப் பார்த்து வாயைப் பிளந்தார். “இன்னாடா இது, ஊட்ட காலி பண்றதுக்கு விருந்தா? எங்க ஊர்ல சாவு ஊட்டுக்குத்தான் இப்டி கொண்டாருவாங்க” என்று என் அம்மா காதில் விழுகிற மாதிரியே சொன்னார். சொல்லிவிட்டு, ஈரோட்டுக்காரர் வீட்டுச் சோற்றை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

அன்றைக்கு லாரி ஏறிய அப்பாவும் அம்மாவும் இப்போது தென்காசிப் பக்கம் சௌக்கியமாக இருக்கிறார்கள். என் பிறந்த வீட்டு வழக்கத்தை நேரில் பார்த்த ஒரே புகுந்த வீட்டு மனுஷி கலா அண்ணிதான்.

விடுமுறை என்கிற பெயரில்

நியூசிலாந்துக்குப் போனதற்கு நாங்கள் வெளியே சொன்ன காரணம் விடுமுறை. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் தங்கள் ஊர் வேலையை அங்கிருந்தே லேப்டாப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த நாட்டில் அனுமதி உண்டு. எங்கள் மேனேஜர், “டிராயிங் டைமுக்கு வந்தா சரி. நீங்க நிலாவுல உக்காந்துகூட போடுங்க மேடம்” என்றார். வருஷக்கணக்கில் சேர்த்து வைத்த ஆசை. கிளம்பிவிட்டோம்.

உள்ளே இருந்த காரணம் வேறு. குடும்பத்தோடு அங்கேயே போய்விடலாமா என்று பார்த்துவிட்டு வருவது. அது எனக்கும் செல்வத்துக்கும் மட்டும் தெரியும். ஆரம்பித்தது நான். வேலப்பன்சாவடியில் ஒரு நாள், முன்னால் ஒரு பஸ்ஸும் பின்னால் ஒரு பஸ்ஸும் ஹாரன் அடிக்க, நடுவில் நின்றபடி, இன்னும் இருபது வருஷம் இதேதானா என்று நினைத்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து செல்வத்திடம் சொன்னபோது அவர் சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “நா இன்னாத்துக்கு அங்க? எம் பட்டற இங்க கீது” என்றார். கரையான்சாவடியில், மெயின் ரோட்டின் மேலேயே, கேட்டும் கிரில்லும் செய்கிற வெல்டிங் பட்டறை அவருடையது.

“பார்த்துட்டு வரலாங்க. பார்க்கறதுல என்ன?” என்றேன்.

அங்கே போனதும் எல்லாம் தலைகீழானது. நேர வித்தியாசத்தில் அங்கே பகல் முந்திக்கொள்ளும். அம்பத்தூரில் ஷட்டரைத் தூக்குவதற்குள் நான் பாதி வரைபடத்தை முடித்திருப்பேன். ஆனால் ஊர் சுற்றிவிட்டு வந்து அடுப்பில் குழம்பை ஏற்றும் நேரத்துக்குச் சரியாக மேனேஜர் கூப்பிடுவார். “மேடம், அந்த மூணாவது துளை…” கரண்டியைப் பிடித்துக்கொண்டே மூன்றாவது துளையைப் பற்றிப் பேசுவேன். வேலையும் முழுசாக இல்லை, விடுமுறையும் முழுசாக இல்லை. ஏரிக்கரைக்குப் போனாலும் பையில் லேப்டாப். மலை அழகாக இருந்தது. அதை உட்கார்ந்து பார்க்க என்னால் முடியவில்லை. அடுத்த மலை எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

திருப்பதியைத் தாண்டாத செல்வமோ, சொந்த ஊருக்கு வந்தவர் மாதிரி இருந்தார். பால்காரர், தபால்காரர், எதிர்வீட்டு நாய் வரை சிநேகம். அந்த ஊரில் ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. தினமும் போய் வாசலில் நின்றார். அங்கே அவர் வேலை செய்யக் கூடாது, அது அவருக்கும் தெரியும். நிற்பதற்குத் தடை இல்லையே. முதல் நாள் ரப்பர் செருப்போடு போய்ச் சிரிப்புக்கு ஆளானார். முதலாளி கிரெக் தன் பழைய பூட்ஸைக் கொடுத்து உள்ளே கூப்பிட்டாராம். இவருடைய ஆங்கிலமும் கிரெக்கின் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று புரியாது. ஆனாலும் சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஊர் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது செல்வம் ஒரு மாதிரி முகத்தோடு வந்தார். “வித்யா, அந்த ஆளு வேல தரேன்றாரு. ஆள் கெடைக்கலியாம். பேப்பரு எல்லாம் அவரே போடறாராம். குடும்பத்தோட வான்றாரு. ஊருக்குப் போயி யோசிச்சி, இந்த மாசக் கடசிக்குள்ள சொல்லணுமாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எனுக்கு இஷ்டந்தான்னு தோணுது. ஆனா ஆரம்பிச்சது நீ. நீ சொல்லு.”

துள்ளிக் குதித்திருக்க வேண்டும். பத்து வருஷமாகப் பரணில் அட்டைப்பெட்டி சேர்த்தவள் நான். என் வாயில் வந்தது வேறு. “அண்ணி?” என்றேன்.

செல்வம் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். “அக்காவ கூட்டிக்கினு போவ முடியாது. கேட்டுட்டேன். பொண்டாட்டி, புள்ளதான் கூட வர்லாம்.”

ரொட்டி

அந்தக் கடைசி நாளுக்கு வருகிறேன். சாவியை வாங்கிக்கொள்ள வீட்டுக்காரம்மா மார்கரெட் வந்தார். நல்ல மனுஷி. அறை அறையாகப் பார்த்தார். சமையலறையில் நின்று, இவ்வளவு சுத்தமாக யாரும் விட்டுப்போனதில்லை என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் அப்பா கேட்டிருந்தால் பூரித்துப்போயிருப்பார். குவார்ட்டர்ஸில் அதுதான் எங்கள் மானப் பிரச்சினை. சுவரில் ஆணி அடிக்கமாட்டோம். காலண்டர் கூட ஜன்னல் கம்பியில்தான் தொங்கும்.

என் அரிசியும் பருப்பும் நாலடி தூரத்தில் மார்கரெட் வீட்டு அலமாரியில் இருந்தன. திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. அவர் “போய் வாருங்கள்” என்று சிரித்துவிட்டுப் போனார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அவர் ஊரில் அப்படித்தான் விடைகொடுப்பார்கள்.

செல்வம் ஓடிப்போய் பெட்ரோல் பங்க் கடையிலிருந்து ரொட்டியும் சிப்ஸும் வாங்கிவந்தார். பெட்டிகளின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். பாதி ரொட்டியில் அழ ஆரம்பித்துவிட்டேன்.

“ரொட்டிக்கா அழுவுற?” என்றார் செல்வம்.

“யாருமே வரலைங்க.”

“யார் வரணும்?”

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு சிப்ஸை எடுத்து என் கையில் வைத்தார். யாழினி அதற்குள் தன் பையை மூடிக்கொண்டிருந்தாள். அங்கே சில வாரம் போய்வந்த பள்ளிக்கூடத்தில் அவள் வரைந்த படங்களை டீச்சர் கொடுத்து அனுப்பியிருந்தார். ஒன்றைக்கூட அவள் தன் அறையில் ஒட்டியிருக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். “ஏம்மா ஒட்டல?” என்றேன்.

“நாமதான் கிளம்பிடுவோமே” என்றாள், வெகு சாதாரணமாக.

எனக்குச் சுருக்கென்றது. அது நான் பேசுகிற பேச்சு. ஊட்டி வளர்த்தது அண்ணியாக இருந்தாலும், இந்த ஒன்று என்னிடமிருந்து போயிருக்கிறது.

பெட்டிமேல் அவரைக்காய்

குத்தம்பாக்கம் வந்து சேர்ந்தோம். புது பஸ் நிலையத்தின் விளக்குகள், புழுதி, வாசலில் அண்ணி. யாழினியை இடுப்பில் தூக்கப் பார்த்து, முடியாமல், “எருமக் கண்ணுக்குட்டி மாதிரி ஆயிட்டடி” என்று கட்டிக்கொண்டார்.

இரண்டாம் நாள் செல்வம் அக்காவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அண்ணி எழுந்து போய்க் கிரைண்டரைப் போட்டுவிட்டாராம். அன்றிலிருந்து என்னோடு பேச்சு நின்றது.

பேச்சு மட்டும்தான் நின்றது. வருவது நிற்கவில்லை. ஹாலில் நாங்கள் இன்னும் பிரிக்காமல் வைத்திருந்த பெரிய நீலப் பெட்டியின் மேல் வந்து உட்கார்ந்து அவரைக்காய் நறுக்குவார். நான் ஓரடி தள்ளி நிற்பேன். “யாயினி, ஒங்கம்மாவுக்கு மாவு வோணுமான்னு கேளு” என்பார். யாழினி என் பக்கம் திரும்பி, “மாவு வேணுமாம்மா?” என்பாள். “வேணும்னு சொல்லு” என்பேன். நடுவில் நின்று அவள் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

பெட்டியைப் பிரிக்கவும் எனக்கு மனசில்லை, மூடி வைக்கவும் மனசில்லை. துணி தேவைப்பட்டால் ஜிப்பைப் பாதி திறந்து உருவிக்கொள்வேன். அலுவலகத்தில் கோடு போட்டால் கோடு கோணிற்று. சோஃபாவை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குத் தள்ளினேன். மறுநாள் பழைய இடத்துக்கே தள்ளினேன். போனால் அண்ணி தனியாகிவிடுவார். எதிர் ஜன்னலில் எங்கள் விளக்கு எரியாத வீட்டைப் பார்த்துக்கொண்டு மாவு ஆட்டுவார். போகாவிட்டால் நான் வேலப்பன்சாவடியிலேயே செத்துப்போவேன் என்று தோன்றிற்று. மிகைதான். ஆனால் அப்படித்தான் தோன்றிற்று.

மாசக் கடைசி நெருங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செல்வத்திடம், “வேணாம்னு அனுப்பிடுங்க” என்றேன்.

“நெசமாவா?”

“அண்ணியை விட்டுட்டு எப்படிங்க போறது? அவங்க பேச்சே இல்லாம இருக்காங்க. என்னால முடியல.”

செல்வம் போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் திரையைத் தடவிக்கொண்டே இருந்தார். எழுதவில்லை. எதிரே கிரைண்டர் சத்தம் சட்டென்று நின்றது. ஜன்னலுக்கு ஜன்னல் பேச்சு கேட்கும் என்பது இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாதா என்ன.

கை நிறைய மாவோடு அண்ணி உள்ளே வந்தார்.

“யாரக் கேட்டு வேணான்ன?”

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். இத்தனை நாள் கழித்து நேராக.

“உங்களுக்காகத்தான் அண்ணி…”

“எனுக்கோசரமா? நா வந்து உன் கால்ல வுயுந்து போவாதன்னு அய்தேனா? போறதுக்கு முன்னாடியும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல, லீவுன்னு சொல்லிக்கினு போன. இப்ப வேணான்றதுக்கும் எங்கிட்ட கேக்கல. நீயே எனுக்காக அய்துக்கினு, நீயே முடிவும் பண்ணிக்குவ. நா ஒருத்தி இங்க இன்னாத்துக்கு கீறேன்?”

“அக்கா, வுடு” என்றார் செல்வம்.

“நீ சொம்மா இருடா. இவ எனுக்கோசரம் நின்னான்னு வையி, நா சாவற வரிக்கும் இவ மூஞ்சிய பாக்கணும். வாசப்படில நின்னுக்கினு ரோட்டயே பாத்துக்கினு இருப்பா. அந்த மூஞ்சிய எவ பாக்கறது?” புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நெற்றியில் மாவு ஒட்டியது. “போறதுன்னா போ. ஆனா கரையான்சாவடி பட்டறய எனுக்கு உட்டுட்டுப் போ.”

செல்வம் நிமிர்ந்தார். “பட்டற இன்னாத்துக்கு உனுக்கு?”

“ரோட்டு மேல கீது. பெரிய கிரைண்டரு ரெண்டு போட்டா மாவு பூந்தமல்லி வரிக்கும் போவும். அஞ்சாறு வருசமா பாத்துக்கினுதான் கீறேன். தம்பி பொயப்புன்னு வாய மூடிக்கினு இருந்தேன்.”

எனக்கு ஒரு கணம் கோபம்கூட வந்தது. நான் இங்கே இவருக்காக உருகிக்கொண்டிருக்க, இவர் பட்டறையில் கிரைண்டரை எங்கே நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு அந்தக் கோபத்தை நினைத்தே சிரிப்பு வந்தது. ஒரே இடத்தில் இருந்துகொண்டே கால் பாவாமல் இருக்கிறவர்களும் உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“அப்புறம் ஏன் அண்ணி என்னோட பேசல?”

“கோவம்” என்றார். “இன்னும் கீது.”

சொல்லிவிட்டு நீலப் பெட்டிமேல் உட்கார்ந்தார். கண்கள் சிவந்திருந்தன. “கொய்ந்த போயிட்டா எனுக்கு எப்டி இருக்கும்னு தெரியல. அத்த நெனச்சாத்தான் பேஜாரா கீது. லீவு உட்டா அனுப்பிரணும். சொல்லிட்டேன்” என்றார்.

அந்தக் கடைசி நாளைப் பற்றி அவரிடம் சொன்னேன். துடைத்த அடுப்பு, மார்கரெட் வீட்டுக்குப் போன அரிசி, பெட்டிமேல் தின்ற ரொட்டி, யாழினி கேட்ட கேள்வி. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. செல்வத்துக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணி கையில் காய்ந்த மாவைச் சுரண்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், “கொய்ந்தய பட்டினி போட்டியாடி, பாவி” என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார். கிரைண்டர் மறுபடி ஓடியது.

வருகிறோம்

அன்றே செல்வம் கிரெக்குக்கு எழுதினார். வருகிறோம் என்று. அதை எழுத அவருக்கு வெகு நேரம் பிடித்தது. எழுதி முடித்துவிட்டு, பட்டறைக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் வேலை கிடையாது.

காகிதங்கள் நகர மாதங்கள் ஆகுமாம். நான் நீலப் பெட்டியைப் பிரித்தேன். துணிகளை எல்லாம் பீரோவில் அடுக்கினேன். யாழினியின் படங்களை எடுத்து, செல்வத்தின் சுத்தியலை வாங்கி, ஹால் சுவரில் நானே ஆணி அடித்தேன். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது சுவரில் ஒரு பள்ளத்தோடு நின்றது. கிளம்பப்போகிற வீட்டில் ஆணி அடிக்கிறேனே என்று எனக்கே வேடிக்கையாக இருந்தது. யாழினி ஓடிப்போய் அத்தையைக் கூட்டிவந்து காட்டினாள்.

இத்தனை நாள் கிளம்புவதற்குத் துடித்தேன். இப்போது கிளம்பப்போகிறோம். இப்போது பார்த்து, எதிர் ஜன்னலில் மாவு வாளியோடு போகிற அந்த உருவத்தை விட்டு எப்படிப் போவேன் என்று தெரியவில்லை. அலுவலகத்திலிருந்து வரும்போது வேலப்பன்சாவடி நெரிசலில்கூட எனக்கு அவசரமில்லை. நின்று பார்த்துக்கொண்டே வருகிறேன்.

போன வாரம் நான் உலை வைத்திருந்தபோது அண்ணி மாவு கொடுக்க வந்தார். பாத்திரத்தை மேடையில் வைத்துவிட்டு, போகிற போக்கில் சொன்னார்.

“போற அன்னிக்கு அடுப்பு பத்த வெக்காத.”

திரும்பிப் பார்த்தேன்.

“நா கொண்டாறேன். காலீலந்து மூணு வேளையும். பக்கத்து ஊட்டுக்காரங்க கிட்டயும் சொல்லிக்கிறேன். எங்க ஊர்ல பயக்கம் இல்ல. செய்ய வெச்சா செய்வாங்க.”

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “என்ன கொண்டுவருவீங்க அண்ணி?” என்றேன்.

“நெத்திலிக் கருவாட்டுக் கொயம்பு. சோப்பு போட்டு கய்வினாலும் ரெண்டு நாளிக்கி கைய உட்டுப் போவாது. ஏரோப்ளான்ல அல்லாரும் மூக்க புடிச்சிக்கினு உக்காரட்டும்.”

சிரித்தேன். அவரும் சிரித்தார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார். நான் அடுப்புப் பக்கம் திரும்பினேன். உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசியைக் களைந்து போட்டுவிட்டு, தீயைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, இன்றைக்கு இன்னும் அடுப்பு எரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.